மெலிந்த உடம்பில் பெரிபெரி

1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஒற்றை அறையில் ராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். தீட்டிய அரிசிச் சோற்றையே நம்பி வாழ்ந்தவர்களுக்குக் கால் மரத்து, இதயம் தளர்ந்துபோகும் நோய் அது. தவிட்டோடு போய்விடும் தையாமின், அதாவது வைட்டமின் பி1, இல்லாததே காரணம் என்பது பின்னால் உறுதியானது. அந்த அறை வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. ஏழையின் நோய் என்று மூட்டை கட்டி வைத்த பெரிபெரியோ, உடல் பருமனுக்காக இரைப்பையைக் குறைத்துக்கொண்டவர்களிடம் அரிதாகவேனும் மறுபடி தலைகாட்டுகிறது. ஆசியர்களுக்கு உடல் நிறைக் குறியீடு 27.5-ஐத் தாண்டினாலே இந்த அறுவையைப் பரிசீலிக்கலாம் என்று 2022-இல் சர்வதேச மருத்துவச் சங்கங்கள் வரம்பைத் தளர்த்திவிட்டன. எனவே இனி பெரிபெரி நாலு பணக்காரர்களின் கவலை அல்ல.

பரவலாகச் செய்யப்படும் ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுக்கிறார்கள். பசியைக் கிளப்பும் கிரெலின் ஹார்மோன் அதிகம் சுரக்கும் மேற்பகுதியும் அதோடு போய்விடும். உணவு விரைவாகச் சிறுகுடலுக்கு இறங்குவதால், போதும் என்று மூளைக்குச் சொல்லும் ஜிஎல்பி-1 ஏறுகிறது. வாயைக் கட்டும் வைராக்கியத்தைவிட இந்த மாற்றமே பெரிய வேலை செய்கிறது. ஒன்றரை ஆண்டுக்குள் உடல் எடையில் கால் பங்கு குறைவது சாதாரணம்.  ஆனால் குறையும் எடையில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கொழுப்பே அல்ல, அதில் தசையும் அடக்கம். மூன்றாம் மாதவாக்கில் முடி கொத்தாகக் கொட்டும், பெரும்பாலும் திரும்ப வளரும். பித்தப்பையில் கல் சேரலாம். கொழுப்புப் போர்வை போய், உடம்பு எரிக்கும் சக்தியும் குறைவதால் குளிர் உறைக்கும்; இங்கே மலைமேல் ஊட்டியில் அது இன்னும் தெரியும். எடை மெஷினில் இறங்கும் எண் இதில் எதையும் காட்டாது. அறுவை பலித்ததா என்பதை ரத்தமும் தசையும்தான் சொல்ல வேண்டும்.

உடம்பிலுள்ள தையாமின் இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்கே காணும். அறுவை முடிந்து மலையேறி வீடு வந்தவருக்கு வாந்தி நிற்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து ஆஸ்பத்திரியில் சோர்வைப் பார்த்து வழக்கம்போல் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். அதை எரிக்க மிச்சமிருந்த தையாமினும் செலவாகிவிட, கண் அலைபாயும், நடை தள்ளாடும், புத்தி குழம்பும். முதலில் தையாமின் ஊசி, பிறகு குளுக்கோஸ் என்ற வரிசையே பலருக்கு நிரந்தரப் பாதிப்பைத் தடுத்துவிடும். ஊசியின் விலையும் அற்பம். அடுத்த சிக்கல் டீ. தேயிலையின் துவர்ப்புப் பொருள் உணவிலுள்ள இரும்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அறுவைக்குப் பின் இரைப்பையில் அமிலம் குறைவதால் உடம்பு ஏற்கெனவே இரும்பை இழுக்கத் திணறுகிறது. சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் வழக்கத்தை இங்கே யாரையும் விடச் சொல்ல முடியாது. ஒரு மணி நேரமாவது தள்ளிப்போடச் சொல்லலாம்.

இப்படியெல்லாம் எழுதினால் அறுவை தேவைப்படுகிறவர்கள் பயந்து பின்வாங்குவார்களே என்று டாக்டர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஸ்வீடனில் 1987-இல் தொடங்கிய நீண்ட ஆய்வு, அறுவை செய்துகொண்டவர்களிடம் இறப்பு குறைந்ததை 2007-இல் காட்டியது. லாபம் உண்மை, அதைக் கட்டிக் காக்கும் செலவுதான் அறுவைக்குப் பின் தேவைப்படும் சத்து மாத்திரைகளும் ரத்தப் பரிசோதனைகளும். ராகியும் கீரையும் சாப்பிட்டால் போதாதா என்பது இன்னொரு வாதம். ஒரு சின்னக் கிண்ணத்துக்கு மேல் இறங்காத வயிற்றில் எவ்வளவு கீரையைத் திணிப்பது? பி12 தாவர உணவில் இல்லவே இல்லை. அதை உறிஞ்சத் துணைபுரியும் சுரப்பும் வெட்டுப்பட்ட இரைப்பையில் குறைந்துவிடும். கத்தியே வேண்டாம், எடை குறைக்கும் ஊசி வந்துவிட்டது என்பவர்களும் தசை இழப்புக் கணக்கிலிருந்து தப்ப முடியாது.

கோயம்புத்தூரில் அறுவை செய்துகொண்டவர் ஆயுள் முழுக்க ரத்தப் பரிசோதனைக்காக மலையிறங்குவார் என்று எதிர்பார்ப்பது வீண். மேட்டுப்பாளையம் பாதையில் மண் சரிந்தால் அதுவும் நின்றுபோகும். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி அளவுகளை ஆண்டுக்கொருமுறை ஊட்டியிலேயே பார்த்து, முடிவைக் கீழே அனுப்பலாம். அதற்கு முன், டிஸ்சார்ஜ் சீட்டின் தலைமாட்டில் தமிழில் ஒரு வரி வேண்டும்: வாந்தி நிற்காவிட்டால் குளுக்கோஸுக்கு முன் தையாமின்.