லிங்கர் பிழை: பெயரைப் பிடித்தால் வழி தெரியும்

சி மொழி நிரல் பல கோப்புகளாகப் பிரிந்திருந்தால், கம்பைலர் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே படித்து, தனித்தனி ஆப்ஜெக்ட் கோப்பாக்குகிறது. மெயின்.சி கோப்பில் ‘வட்டி’ என்ற ஃபங்ஷனை அழைத்தால், ஹெடரில் அதன் அறிவிப்பு இருந்தாலே கம்பைலருக்குப் போதும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது, எந்தக் கோப்பில் இருக்கிறது என்று அது கேட்பதில்லை. பெயரைக் குறித்துக்கொண்டு முகவரியைக் காலியாக விட்டுவிடுகிறது. அந்தக் காலியிடங்களை நிரப்பி எல்லாவற்றையும் இணைப்பது லிங்கர். ஆகவே லிங்கர் பிழை பெரும்பாலும் ஒரு பெயரைப் பற்றியதுதான்: அதற்குரிய வரையறை கிடைக்கவில்லை, அல்லது ஒன்றுக்கு மேல் கிடைத்திருக்கிறது. கடைசியில் வரும் ‘எல்டி ரிட்டர்ன்ட் 1 எக்ஸிட் ஸ்டேட்டஸ்’ என்ற வரியில் தகவல் ஏதுமில்லை. அதற்கு மேலுள்ள வரிகளில்தான் பெயர் இருக்கும்.

‘அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்’ என்று வந்தால் முதலில் கட்டளையைப் பார்க்க வேண்டும். ‘ஜிசிசி மெயின்.சி’ என்று மட்டும் கொடுத்து, ‘வட்டி’யின் வரையறை உள்ள வட்டி.சி கோப்பை விட்டிருப்பார்கள். ஹெடரைச் சேர்த்தாலே கோப்பும் கூடவே வந்துவிடும் என்ற எண்ணம் புதிதாகக் கற்பவர்களிடம் பரவலாக உண்டு. இரண்டு கோப்புகளையும் கட்டளையில் கொடுத்தால் பிழை தீரும். வட்டி.சி கோப்பையே இன்க்ளூட் செய்து சமாளிப்பது கெட்ட பழக்கம். பிறகு அதைக் கட்டளையிலும் சேர்த்ததும் இரட்டை வரையறைப் பிழை வரும்.

லினக்ஸில் வர்க்கமூலம் போன்ற கணித ஃபங்ஷன்களுக்கு, கணித லைப்ரரியைச் சேர்க்கும் ‘-எல்எம்’ தேவைப்படும். அதைக் கோப்புப் பெயர்களுக்குப் பின்னால் எழுத வேண்டும். லிங்கர் இடமிருந்து வலமாகச் செல்கிறது. ஸ்டேட்டிக் லைப்ரரியிலிருந்து, அதுவரை தேடிக்கொண்டிருக்கும் பெயர்களுக்கு வேண்டியதை மட்டும் எடுக்கிறது. லைப்ரரி முன்னால் வந்துவிட்டால் எடுக்க ஒன்றுமில்லை என்று கடந்துவிடும்.

‘மல்டிபிள் டெஃபினிஷன்’ பிழைக்கு வழக்கமான காரணம், ‘இன்ட் மொத்தம் = 0;’ என்று ஹெடரிலேயே எழுதுவது. அந்த ஹெடரைச் சேர்த்த ஒவ்வொரு கோப்பிலும் ஒரு ‘மொத்தம்’ உருவாகிறது. இன்க்ளூட் கார்டு இதைத் தடுக்காது. ஒரே கோப்புக்குள் ஹெடர் இருமுறை வருவதை மட்டுமே அது தடுக்கும். ஹெடரில் ‘எக்ஸ்டர்ன் இன்ட் மொத்தம்;’ என்று அறிவித்து, வரையறையை ஒரே ஒரு .சி கோப்பில் வைப்பதே சரியான முறை. தொடக்க மதிப்பு இல்லாத ‘இன்ட் மொத்தம்;’ பல கோப்புகளில் இருந்தால் ஜிசிசி முன்பு அவற்றை ஒன்றாக்கிவிடும். 2020இல் வந்த ஜிசிசி 10 அந்தச் சலுகையை இயல்பு நிலையிலிருந்து நீக்கியது. பல ஆண்டுகள் ஓடிய நிரல்கள் இணைப்பில் நின்றது இதனால்தான்.

காரணம் பிடிபடாவிட்டால் ஆப்ஜெக்ட் கோப்பிலுள்ள பெயர்களைக் காட்டும் ‘என்எம் வட்டி.ஓ’ கட்டளையைக் கொடுத்துப் பார்க்கலாம். பெயருக்கு முன் ‘யு’ (U) இருந்தால் அந்தக் கோப்பு அதை வெளியே தேடுகிறது. பெரிய ‘டி’ (T) இருந்தால் ஃபங்ஷன் அங்கேயே இருக்கிறது. சிறிய ‘டி’ (t) என்றால் ‘ஸ்டேட்டிக்’ என்று எழுதப்பட்டிருக்கும். அந்தச் சொல்லை நீக்கும்வரை மற்ற கோப்புகளால் அதை அழைக்க முடியாது.