வானொலிப் பொட்டலமும் அது செல்லும் வழியும்



ஆசிரியனாக இருந்த நாளில், பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒரு வாக்கியத்தைக் காதோடு காதாகக் கடைசிப் பையன் வரையில் சொல்லியனுப்பச் செய்வேன். அது உருக்குலைந்தே போய்ச் சேரும். பின்பு, கேட்டதைச் சொன்னவனிடமே திருப்பிச் சொல்லிச் சரிபார்த்த பிறகுதான் அடுத்தவனுக்குச் சொல்லவேண்டும் என்று விதித்தேன். வாக்கியம் பழுதின்றிச் சேர்ந்தது. இன்று நான் கூறவிருக்கும் பொருளில் பாதி இவ்விளையாட்டில் அடங்கியிருக்கிறது.

அமெச்சூர் வானொலியாளர் என்போர் ஊதியம் கருதாமல், உரிமம் பெற்று, ஆர்வத்தினால் வானொலி நிலையம் நடத்துவோர். 1978ஆம் ஆண்டில் கனடாவின் மாண்ட்ரியல் நகரத்து அன்பர்கள் எழுத்துச் செய்திகளைச் சிறு பொட்டலங்களாகப் பகுத்து வானொலியில் அனுப்பத் தொடங்கினர். தொலைவிலுள்ள நிலையத்துக்குச் செல்லும் பொட்டலத்தை இடையிலுள்ள நிலையங்கள் கேட்டு, மீண்டும் ஒலிபரப்பும். ஏஎக்ஸ்.25 என்னும் விதிமுறையில் இத்தகைய இடைநிலையங்கள் 8 வரை குறிக்கப்பட்டன. ஆனால் ‘கிடைத்தது’ என்ற ஒப்புதல் கடைசி நிலையத்திலிருந்தே வரவேண்டும்.

ஒவ்வொரு தாவலிலும் ஐந்தில் நான்கு பொட்டலங்கள் தப்பிச் செல்வதாகக் கொள்ளுங்கள். ஐந்து தாவல்களையும் கடப்பது ஏறத்தாழ மூன்றில் ஒன்றுதான். தவறியதை முதலிலிருந்தே அனுப்பவேண்டும். அலைவரிசையோ எல்லோருக்கும் பொது. பெரும்பாலும் வினாடிக்கு 1200 பிட்டுகளே அதில் செல்லும். ஆகவே ஒருவர் மறுமுறை அனுப்புந்தோறும் பிறர் காத்திருக்க நேர்கிறது.

1980களின் பிற்பகுதியில் வந்த நெட்ராம் முறை இக்குறையைப் போக்க முயன்றது. இதில் கணுநிலையங்கள் தாவலுக்குத் தாவல் ஒப்புதல் பெற்றன. மேலும், தாம் எட்டக்கூடிய நிலையங்களையும் அவ்வழிகளின் தரத்தையும் குறித்த கால இடைவெளியில் அறிவித்தன. தரத்தின் உச்சம் 255. தாவல்களின் தரங்களைப் பெருக்கி 256ஆல் வகுக்கவேண்டும். இரு தாவல்களும் 192 ஆயின், வழியின் தரம் 144.

இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. தாவலின் தரத்தைக் கருவி அளக்கவில்லை. நிலையத்தை நடத்துவோரே மதிப்பிட்டு இட்டனர். காற்றுமண்டல மாறுதலால் ஓரிரவு மட்டும் தொலைநிலையம் ஒன்று நேராகக் கேட்டுவிடும். அதற்கும் 192 வழங்கப்பட்டால்? 144ஐ விட 192 பெரிதன்றோ! உறுதியான இருதாவல் வழியை விட்டு, விடிந்தால் மறையும் வழியைக் கணு நம்பிவிடும். புயற்காலத்தில் உதவி கோரும் செய்தியும் அவ்வாறே தேங்கக்கூடும்.

அதனால் அனுபவமுள்ளோர் அறிமுகமற்ற அயலாருக்குக் குறைந்த தரமே அளித்தனர். ஐரோப்பாவில் வழங்கிய ஃபிளெக்ஸ்நெட் முறையோ, பொட்டலம் போய்வரும் நேரத்தையே அளந்து வழியைத் தேர்ந்தது. ஒருமுறை காதில் விழுந்ததை வழி என்று கொள்ளலாகாது, அளந்தறிந்ததே வழி.

மூன்றாம் தாவலும் 192 ஆனால் வழியின் தரம் என்ன? பென்சிலை எடுத்துக் கணக்கிடுங்கள். 108 என்று வந்தால், நான் கூறியது உங்களுக்கு விளங்கிவிட்டது.