பழைய டிரம் வாங்கப் போகிறீர்களா?

மும்பையில் குழாயில் தண்ணீர் வரும் நேரம் வேறு. வீட்டில் தண்ணீர் செலவாகும் நேரம் வேறு. அதிகாலையில் இரண்டு மணி நேரமோ மூன்று மணி நேரமோ வருகிற தண்ணீரைப் பிடித்து வைத்துத்தான் மறுநாள் காலை வரை குடும்பம் நடத்த வேண்டும். அதனால்தான் தாராவியிலும் மற்றக் குடிசைப் பகுதிகளிலும் கோலி வாசல்தோறும் ஒரு நீல நிற டிரம் நிற்கிறது. ஊரிலிருந்து புதிதாக வந்து குடியேறுகிற குடும்பம் அடுப்பு, பாய், பாத்திரங்களுக்கு அடுத்தபடியாக வாங்குகிற பொருள் அநேகமாக இதுதான்.

புது டிரம் தேடிப் போகிறவர்கள் குறைவு. கம்பெனிகள் உபயோகித்துக் கழித்த பழைய டிரம் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும்போது யார்தான் புதிதாக வாங்குவார்கள்? ஊரில் காயலான் கடை என்று சொல்லுவதை இங்கே பங்கார் கடை என்கிறோம். தாராவியின் 13-வது காம்பவுண்டு, குர்லா, சாக்கி நாக்கா பக்கங்களில் இந்தக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. டிரம்கள் மாடி உயரத்துக்கு அடுக்கப்பட்டிருக்கும். விலை பேசுவதில் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் விலைக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த டிரம்மில் முன்பு என்ன இருந்தது?

காலி டின்னைக் கழுவித் தண்ணீர் பிடிப்பது நமக்குப் புதிய பழக்கம் அல்ல. ஒரு காலத்தில் மண்ணெண்ணெய் 4 காலன் கொள்ளும் சதுரத் தகர டின்னில் வந்தது. எண்ணெய் தீர்ந்ததும் மேல்தகட்டை வெட்டி எடுத்துவிட்டு, குறுக்கே ஒரு மரக்கட்டையை வைத்து ஆணி அடித்தால் தண்ணீர் டின் தயார். காவடித் தண்டின் இரு முனையிலும் இரண்டு டின்னைக் கட்டி வீடு வீடாகத் தண்ணீர் ஊற்றிப் பிழைத்தவர்கள் உண்டு. அந்த டின்னில் இருந்தது மண்ணெண்ணெய் என்று எல்லோருக்கும் தெரியும். வாசனையே காட்டிக் கொடுத்துவிடும். பெரிய எஃகு டிரம் பிறகு வந்தது. நெல்லி பிளை என்ற பெயரில் புகழ் பெற்ற அமெரிக்கப் பெண் பத்திரிகையாளரின் தொழிற்சாலைக்கு 1905-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. இன்று அதே அளவில், 200 லிட்டர் கொள்ளும்படி, பிளாஸ்டிக்கில் வார்த்து விடுகிறார்கள். அதில் மாம்பழச் சாறும் வருகிறது. பூச்சி மருந்தும் வருகிறது. கழுவிய பிறகு இரண்டும் ஒரே நீலம்.

அடையாளம் பார்ப்பது எப்படி?

"சேட், இதில் என்ன இருந்தது?" என்று கேட்டால், "சர்பத்துதான் அண்ணாச்சி, எடுத்துக்கொண்டு போங்கள்" என்று பதில் வரும். எல்லா டிரம்முக்கும் இதே பதில்தான். சொல்லுகிறவர் பொய் சொல்லுகிறார் என்று அர்த்தமில்லை. பல சமயம் அவருக்கே தெரியாது. இரண்டு மூன்று கை மாறி வந்த சரக்கு.

ஆகவே கழுவி, லேபிள் உரித்து, பளபளவென்று வைத்திருக்கும் டிரம்மைவிட, லேபிள் கிழியாமல் அழுக்கோடு கிடக்கும் டிரம்மே நம்பத் தகுந்தது. குளுக்கோஸ் பாகு, பழச்சாறு, வினிகர் என்று லேபிள் இருந்தால் நல்லது. சாய்சதுர வடிவில் ஒட்டிய அடையாளம் தெரிந்தால் நின்று கவனிக்க வேண்டும். மண்டை ஓடும் எலும்பும் என்றால் விஷம். கையையும் உலோகத்தையும் அரிக்கிற மாதிரி படம் என்றால் அமிலம் அல்லது காரம். சிவப்புக் கட்டத்தில் தீச்சுடர் என்றால் எளிதில் தீப்பிடிக்கும் திரவம். பூச்சி மருந்துகளுக்குத் தனி அடையாளம் உண்டு. சாய்சதுரத்தின் கீழ்ப்பாதியில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நான்கில் ஒரு நிறம் இருக்கும். சிவப்பு மிகக் கொடிய விஷம். பச்சை எல்லாவற்றிலும் குறைந்தது. பச்சைதானே என்று அதையும் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது.

லேபிளே இல்லையென்றால் டிரம்மின் மேல்பகுதியில் அச்சாகியிருக்கும் எழுத்துக்களைப் பார்க்கலாம். ஒரு சிறு வட்டத்துக்குள் 'யு', 'என்' என்ற இரண்டு ஆங்கில எழுத்துக்களும், தொடர்ந்து எண்களும் இருந்தால், அந்த டிரம் அபாயகரமான சரக்கை ஏற்றத் தகுதி பெற்றது என்று பொருள். அப்படிப்பட்ட சரக்குதான் அதில் இருந்தது என்று சொல்லிவிட முடியாது. நல்ல பொருளையும் அதே டிரம்மில் அடைப்பது உண்டு. சந்தேகப்பட அது ஒரு காரணம், அவ்வளவே. அந்த வரிசையில் வரும் இரண்டு இலக்கம் டிரம் செய்யப்பட்ட ஆண்டு. அபாயச் சரக்குக்கு ஒரு பிளாஸ்டிக் டிரம்மைச் செய்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்கு மேல் உபயோகிக்கக் கூடாது என்பது பொது விதி. பத்து, பதினைந்து வருடமாக வெயிலில் கிடந்து வெளுத்து, விரலால் தேய்த்தால் சுண்ணாம்புபோல் ஒட்டுகிற டிரம் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். ஒரு நாள் நிறையத் தண்ணீரோடு வெடித்து விரியும்.

அபாயகரமான ரசாயனம் ஒட்டிய காலி டிரம்களை 2016-ம் ஆண்டு விதிகள் அபாயக் கழிவு என்றே சொல்லுகின்றன. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்றவர்களிடம்தான் கம்பெனிகள் அவற்றை ஒப்படைக்க வேண்டும். விதி காகிதத்தில் இருக்கிறது. டிரம்களில் பாதி எந்த வழியாக வருகின்றன என்பது கடைக்காரர்களுக்குத் தெரியும்.

கழுவுகிற பையன்களைப் பார்த்தால் இது விளங்கும். கையுறை கிடையாது, காலில் செருப்பும் இருக்காது. அடியில் தேங்கியிருப்பதைச் சாய்த்துக் கொட்டிவிட்டு, கையை உள்ளே விட்டுத் துணியால் துடைக்கிறார்கள். கை வெந்துபோவதும் கண் எரிவதும் அவர்களுக்குத் தினப்படி. கொட்டியது சாக்கடை வழியாக மித்தி நதிக்குப் போகிறது. 2005 ஜூலை 26-ல் சாந்தாகுருசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி மித்தி கரைபுரண்ட பிறகுதான், அந்த நதியில் யார் யார் என்னென்ன கொட்டுகிறார்கள் என்ற விசாரணை பிறந்தது. டிரம் கழுவுகிறவர்களும் அப்போது கணக்கில் வந்தார்கள்.

வீட்டில் சுத்தம் செய்வது

உணவுப் பொருள் இருந்த டிரம் என்று உறுதியானால் சுத்தம் செய்வது கடினமல்ல. முதலில் வெறும் தண்ணீரால் மூன்று நான்கு தடவை அலசிக் கொட்ட வேண்டும். பிறகு சூடான தண்ணீரில் சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றி, நீளக் கம்பு கட்டிய பிரஷால் தேய்த்து, ஒரு ராத்திரி ஊறவிட்டால் பிசுக்கு விட்டுவிடும். மறுபடி அலசி, டிரம் நிறையத் தண்ணீர் விட்டு, ஏறத்தாழ 40 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி மூடி வைக்கலாம். மறுநாள் கொட்டிவிட்டு, நன்றாக அலசி, வெயிலில் காய வைக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. அமிலம் மிச்சமிருக்கும் டிரம்மில் பிளீச்சிங் பவுடர் விழுந்தால் குளோரின் வாயு கிளம்பும். பத்துக்குப் பத்து கோலியில் அது உயிருக்கே ஆபத்து. கக்கூஸ் கழுவும் ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றி 'நன்றாகச் சுத்தமாகும்' என்று நினைப்பவர்களுக்கும் இதே கதிதான்.

காய்ந்த பிறகு தண்ணீர் நிரப்பி, மூடி, ஒரு பகல் வெயிலில் வைத்துத் திறந்து மோந்து பார்க்க வேண்டும். ஊறுகாய் வாசனையோ, பெயிண்டு வாசனையோ வந்தால் பிளாஸ்டிக் அதைக் குடித்துவிட்டது. இனி எத்தனை கழுவினாலும் போகாது. வாசனை இல்லாததால் விஷமும் இல்லை என்று முடிவு கட்டவும் முடியாது. பூச்சி மருந்தில் மணமற்றவையும் உண்டு. அதனால் பழைய டிரம் துணி துவைக்க, குளிக்க, பாத்திரம் கழுவ மட்டும் போதும். குடிக்கவும் சமைக்கவும் எவர்சில்வர் குடமோ புதுக் கேனோ தனியாக இருக்கட்டும்.

மேல்நாடுகளில் வீட்டிலேயே பீர் காய்ச்சும் பழக்கக்காரர்கள், குளிர்பானக் கம்பெனிகள் கழித்த 19 லிட்டர் எஃகுக் குடங்களை வாங்கி, ரப்பர் வளையங்களை எல்லாம் மாற்றிப் புதிதாக்கிக் கொள்ளுகிறார்கள். பிரிட்டனில் 1963-ல் அதற்கு லைசென்ஸ் வேண்டாம் என்றார்கள். இங்கே 1949-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் காய்ச்சினால் கம்பிதான் எண்ண வேண்டும்! ஆனாலும் அவர்கள் செய்வதில் ஒன்றை நாம் எடுத்துக்கொள்ளலாம்: பழைய ரப்பரை நம்பாமல் மாற்றிவிடுவது. குழாய் பொருத்தும்போது உள்ளேயும் வெளியேயும் புது வாஷர் போட்டால் சொட்டாது. பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளை போட்டால் ஓரம் கோணலாகி ஒழுகும். துளைக் கருவியால் போட வேண்டும். குழாய் அடிமட்டத்திலிருந்து நான்கு விரற்கடை மேலே இருந்தால் வண்டல் வெளியே வராது.

இரும்பு டிரம்மாக இருந்தால் காஸ் கட்டரால் மேல்மூடியை வெட்டச் சொல்லவே கூடாது. உள்ளே தின்னரோ பெட்ரோலோ சில கரண்டி மிச்சமிருந்தாலும் அதன் ஆவி டிரம் முழுவதும் நிறைந்திருக்கும். நெருப்புப் பட்டவுடன் வெடிகுண்டுபோல் வெடிக்கும். காலி டிரம்தானே என்று வெட்டப் போய் உயிர் விட்டவர்கள் பல ஊர்களில் உண்டு.

இடம் பார்த்து வைப்பதும் முக்கியம். நிறைந்த டிரம் 200 கிலோவுக்கு மேல் எடை. பலகை போட்ட மேல்தளத்தில் ஏற்றக் கூடாது. தவழும் குழந்தை உள்ள வீட்டில் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். கொசுவுக்கும் மூடிதான் காவல். டெங்கு பரப்பும் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். அந்த முட்டை டிரம்மின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு தண்ணீர் இல்லாமலே மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். வாரம் ஒரு முறை கொட்டினால் மட்டும் போதாது, சுவரைத் தேய்க்கவும் வேண்டும். மாநகராட்சி ஆட்கள் சோதனைக்கு வந்தால் நோட்டீசு கொடுப்பது இதற்காகத்தான்.

சமையல் எண்ணெய் வரும் 15 கிலோ தகர டின்னுக்கும் இதே போன்ற வியாபாரம் உண்டு. வெந்நீரில் கழுவி, நசுங்கலைத் தட்டி நிமிர்த்தி, புதிதுபோல் அடுக்கி வைக்கிறார்கள். ஒரு தடவை உபயோகித்த டின்னில் மறுபடி சமையல் எண்ணெய் அடைக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதிகள் தெளிவாகச் சொல்லுகின்றன. மளிகைக் கடையில் கீறலும் ஒட்டுப்போட்ட மூடியுமாக எண்ணெய் டின் இருந்தால் வாங்காமல் விடுவது நல்லது.

டிரம் விரிசல் விட்டுப் போனால் முழுசாக வெளியே வைக்காமல், இரண்டாக அறுத்துப் பங்கார் கடையில் போடலாம். முழுசாகப் போனால் வேறு ஒருவர் வீட்டு வாசலில் மறுபடி நிற்கும். அறுத்துப் போட்டது 13-வது காம்பவுண்டில் அரைபட்டு, உருகி, மணி மணியாகி வாளியாகவோ நாற்காலியாகவோ வெளியே வரும்.