மணியின் திருட்டு முழி

சாயங்காலம் அப்பா வேலை முடிந்து வந்தார். வாசலில் அவருடைய புதுச் செருப்பின் வார் நார்நாராகக் கிடந்தது. "யாருடா இந்த வேலை பார்த்தது?" என்று ஓர் அதட்டல் போட்டார். எங்கள் வீட்டு நாய்க்குட்டி மணி காதை மடக்கி, வாலைக் கால்களுக்கு நடுவே ஒளித்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். "பார், செய்த தப்பு அவனுக்கே தெரிகிறது!" என்றார் அப்பா.

நிஜமாகவே தெரிகிறதா?

அமெரிக்காவில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற விஞ்ஞானி இதை 14 நாய்களிடம் சோதித்துப் பார்த்தார். வளர்ப்பவர் ஒரு தின்பண்டத்தைக் காட்டி, "தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடுவார். அவர் போனபின் அந்தப் பண்டத்தைச் சில முறை நாய்க்கே கொடுத்துவிட்டார்கள். சில முறை எடுத்துவிட்டார்கள். திரும்பி வந்தவரிடம் சில முறை உண்மை, சில முறை பொய் சொன்னார்கள். "தின்றுவிட்டது" என்று கேள்விப்பட்டவர் நாயைத் திட்டினார். திட்டு வாங்கிய நாய்கள் திருட்டு முழி முழித்தன, ஒரு துணுக்குகூடத் தின்னாத நாயும்தான்! 2009-இல் இந்த ஆய்வு வெளிவந்தது.

ஆக, மணியின் முழி அப்பாவின் குரலுக்கான பதில். காலையில் கடித்த செருப்புக்கும் மாலையில் விழுந்த திட்டுக்கும் அவனால் முடிச்சுப் போட முடியாது. 'இவர் வந்தால் பயமாக இருக்கும்' என்பதை மட்டும் கற்றுக்கொள்வான். பாவம் இல்லையா?

நாய் ஒரு செயலைச் செய்ததும், அடுத்த ஓரிரு நொடிகளில் என்ன நடக்கிறதோ அதைத்தான் அந்தச் செயலோடு சேர்த்து நினைவில் வைக்கும். 'உட்கார்' சொல்லிக்கொடுத்துப் பாருங்கள், புரியும். வேகவைத்த கோழிக்கறியில் சுண்டுவிரல் நகம் அளவு பிய்த்துக்கொள்ளுங்கள். அதை மணியின் மூக்குக்கு முன்னால் காட்டி, மெல்ல அவன் தலைக்கு மேலாகப் பின்பக்கம் கொண்டுபோங்கள். மூக்கு மேலே போகப் போக, பின்புறம் தானாகக் கீழே இறங்கும். தரையைத் தொட்ட அந்த நொடியில் "சமத்து!" என்று சொல்லி வாயில் கொடுத்துவிட வேண்டும். அப்போதுபோய்ப் பையில் கறியைத் துழாவினால் அவன் எழுந்துவிடுவான். பிறகு கொடுத்தால், எழுந்து நின்றதற்குப் பரிசு கொடுத்ததாகிவிடும். நான் முதல் இரண்டு நாளும் இந்தத் தவறைத்தான் செய்தேன்.

சொல்லும் ஒன்றாகவே இருக்கட்டும். அண்ணன் 'சிட்' என்று, அக்கா 'உக்காருடா' என்று ஆளுக்கொன்று சொன்னால் குட்டி குழம்பிப்போகும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும். பரிசாக வெங்காயம், திராட்சை, சாக்லெட் மட்டும் கூடவே கூடாது. அவை நாய்க்கு நஞ்சு.

ஆள்மேல் தாவுகிறானா? கத்தாதீர்கள், தள்ளாதீர்கள், அதையும் விளையாட்டு என்றே நினைப்பான். முதுகைக் காட்டித் திரும்பி நில்லுங்கள். நான்கு காலும் தரைக்கு வந்ததும் குனிந்து தடவிக்கொடுங்கள்.

எங்களுக்குப் பெரிய சோதனை பாட்டிதான். நாங்கள் சாப்பிடும்போது மணி குரைத்துக் கேட்டால் யாரும் எதுவும் தரக்கூடாது என்று முடிவெடுத்தோம். இரண்டு நாள் சும்மா இருந்தோம். மூன்றாம் நாள் முன்பைவிடப் பலமாகக் குரைத்தான். பாட்டிக்கு மனசு கேட்கவில்லை. ஒரு விள்ளல் இட்லியைப் போட்டுவிட்டார். 'இன்னும் உரக்கக் குரைத்தால் கிடைக்கும்' என்று அவன் கற்றுக்கொண்டான். எப்போதாவது மட்டும் பலன் கிடைக்கும் பழக்கம் எளிதில் விடாது என்பதை, எலிகளையும் புறாக்களையும் வைத்து ஸ்கின்னர் என்ற உளவியலாளர் முன்பே காட்டியிருக்கிறார். நாங்கள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். பாட்டி இப்போது, சாப்பாடு முடிந்து மணி அமைதியாகப் படுத்திருக்கும்போதுதான் அவன் தட்டில் இட்லி வைக்கிறார்.

செருப்பு விஷயம்? நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் குட்டிக்குப் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும். ஈறு உறுத்துவதால் எதையாவது கடித்தே தீருவான். செருப்புகளை உயரத் தட்டுக்கு ஏற்றிவிட்டோம். ஒரு பழைய துண்டை இறுக்கி முடிச்சுப் போட்டு அவனிடம் கொடுத்தோம். அதைக் கடிக்கும்போதெல்லாம் பாராட்டினோம்.

நேற்று அப்பா உள்ளே நுழைந்ததும், மணி அந்த முடிச்சுத் துண்டைக் கவ்விக்கொண்டு ஓடினான். அவர் காலடியில் அதைப் போட்டுவிட்டு, யாரும் சொல்லாமலே உட்கார்ந்து, அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா சட்டையைக்கூட மாற்றாமல் சமையலறைக்குக் கோழிக்கறி தேடிப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன்: "அப்பா, சீக்கிரம், அவன் எழுந்துவிடப் போகிறான்!"