தூக்குவதற்கு முன்

இரயில்வே குமாஸ்தாவாகிய நாம், தண்டவாளமே இல்லாத அந்தமான் தீவினருக்கு எழுதுவது சிலருக்கு நகைப்பை உண்டாக்கலாம். தமக்கையார் குடும்பம் அங்கே குடியேறியிருப்பதால் விடுமுறைதோறும் சென்னையிலிருந்து கப்பலேறும் வழக்கம் நமக்கு உண்டு.

சென்ற முறை, பக்கத்துத் தோப்பில் தேங்காய் பறிக்க ஏறியவர் தவறி விழுந்தார். ஓடிவந்த நால்வர் கைகளையும் கால்களையும் பற்றித் தூக்கிவிட்டனர். அன்பினால் செய்ததே. இரயில்வே ஊழியருக்கென நடந்த செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் வகுப்பில் முதலுதவி கற்ற நாம், "தூக்காதீர்கள்!" என்று கூவியது இரைச்சலில் அமுங்கிப்போயிற்று. அவர் பிழைத்தார், ஆயினும் இடது கால் நெடுநாள் மரத்தே இருந்தது. விழுந்ததால் வந்ததோ, தூக்கியதால் வந்ததோ, எவரும் சொல்ல இயலாது. அந்த ஐயம் நம்மை இன்னும் விட்டபாடில்லை.

முதுகெலும்பு முறிந்தாலும் அதனுள் ஓடும் நரம்புத்தண்டு சேதமின்றி இருக்கலாம். உடலை வளைத்துத் தூக்கினால் அதுவும் நசுங்கக்கூடும். ஆகையால் ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, இரு கைகளாலும் தலையை அசையாது பிடித்துக்கொள்க. மூச்சு வருகிறதா என்று கவனிக்க. குருதி பெருகினால் துணி வைத்து அழுத்துக. சோடா வாங்க ஓடுவது நம்மவர் பழக்கம். ஒன்றும் குடிக்கக் கொடுத்தல் ஆகாது.

நெருப்பும் வெள்ளமும் இதற்கு விலக்கு. 2004 டிசம்பர் 26 காலையில், தாயகம் திரும்பிய இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த கச்சால் தீவிலும் பேரலை புகுந்தது. அத்தகைய வேளையில் முறை பார்த்தல் இயலாது. பிடித்திழுத்து மேட்டில் சேர்ப்பதே சரி. பின்னர் நிக்கோபாரில் காயமுற்றோரை விமானங்களிலும் கப்பல்களிலும் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தனர். (2024 முதல் அவ்வூரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம்.)

வெளித்தீவுகளில் ஆம்புலன்ஸ் எட்டாத இடங்களும் உண்டு. அங்கே ஒரு கதவுப் பலகை போதும். தலையைப் பிடித்திருப்பவர் சொல்லும் சொல்லுக்கு மற்ற மூவரும் ஒருசேர உடலை ஒருக்களித்துப் பலகையை அடியில் நுழைக்க. மார்பு, இடுப்பு, முழங்கால் ஆகிய இடங்களில் வேட்டியால் கட்டுக. மூச்சு முட்டும்படி இறுக்கவேண்டாம். ஜெட்டியிலிருந்து படகில் இறக்கும்போதுதான் கட்டின் அருமை தெரியும்.

சமதரையில் கால் முன்னாகக் கொண்டுசெல்க என்றதும் தமக்கையார் திடுக்கிட்டார்.

"ஏண்டா தம்பி, பிணத்தையல்லவா அப்படிக் கொண்டுபோவார்கள்?"

பின்னால் வருபவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வரலாம், மூச்சுத் திணறினால் உடனே நிறுத்தலாம் என்று காரணம் சொன்னோம். மேடேறும்போது தலை முன்னாக வரும் என்றும் கூறினோம். அவர் மறுமொழி சொல்லவில்லை. மறுநாள் பார்த்தால், பழைய கதவொன்று தோப்புக் கொட்டகையில் சாத்தப்பட்டிருந்தது.