வாசல் தொட்டியில் ஒரு குளம்

முந்நூறு லிட்டர் தண்ணீர் பிடிக்கும் ஒரு தொட்டி, ஓர் அல்லிச் செடி, ஏழெட்டுச் சிறு மீன்கள் இருந்தால் வாசலிலேயே ஒரு குளம் அமைந்துவிடும். கண்ணாடிப் பெட்டியோ மின்விளக்கோ தேவையில்லை. திருப்பூர் வட்டாரத்தில் இதற்குக் கூடுதலாக ஒரு பயனும் உண்டு. பவானி ஆற்றிலிருந்து குழாயில் வரும் தண்ணீர் பல இடங்களில் சில நாட்களுக்கு ஒருமுறைதான் கிடைக்கும் என்பதால், தனி வீடானாலும் லைன் வீடானாலும் டிரம்மிலும் தொட்டியிலும் பிடித்து வைப்பது வழக்கம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடத் தேடுவது இப்படித் தேங்கிய தெளிந்த நீரைத்தான். முட்டை பொரித்துக் கொசுவாகப் பறக்க ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும். மீன் உள்ள தொட்டியில் புழுக்கள் அதுவரை தப்புவது அரிது.

எந்தத் தண்ணீர்?

எந்த மீன் என்ற கேள்விக்கு முன்பாக எந்தத் தண்ணீர் என்று பார்க்க வேண்டும். குழாயில் வரும் நல்ல தண்ணீரில் குளோரின் கலந்திருக்கும். அது மீனின் செவுள்களை அரித்துவிடும். வாய் அகன்ற பாத்திரத்தில் ஒரு முழு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெருமளவு வெளியேறிவிடும்.

ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீரின் கதை வேறு. பாறை நிலம் என்பதால் இயல்பாகவே கடினமான நீர் அது. அதன்மேல் சாயத்தொழிலின் உப்பும் சேர்ந்தது. பாசனத்துக்காக நொய்யல் ஆற்றின் குறுக்கே 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் இடமாகிப் போனது. கழிவை வெளியேற்றாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனாலும் மண்ணில் இறங்கிய உப்பு எளிதில் போவதில்லை. எனவே நீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் பார்த்து, அளவு 1,000 பிபிஎம்முக்கு மேல் இருந்தால் மழைநீரையோ குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரையோ கலந்துகொள்வது நல்லது.

வெயிலில் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவுக்கு உப்புத் தண்ணீரையே ஊற்றி நிரப்பிக்கொண்டிருந்தால், சில மாதங்களில் தொட்டி நீர் கிணற்று நீரைவிடக் கரித்துப் போகும். அதனால் பழைய நீரில் ஒரு பங்கை எடுத்துவிட்டுத்தான் புது நீர் விட வேண்டும். ஆவியான அளவை மழைநீரால் ஈடுசெய்வது இன்னும் மேல்.

தொட்டியும் இடமும்

3 அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள சிமெண்ட் உறையை அடிப்பக்கம் பூசி எடுத்தால் ஏறக்குறைய 300 லிட்டர் கொள்ளும். புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசியும். அந்தக் காரம் மீனைக் கொன்றுவிடும். இரண்டு மூன்று வாரங்களுக்குத் தண்ணீர் நிரப்பி, சில நாட்களுக்கு ஒருமுறை கொட்டி மாற்ற வேண்டும். வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைப்பதும் பழக்கத்தில் உள்ளது.

பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக வெட்டியும் குளம் அமைக்கலாம். ஆனால் சாயப்பட்டறையிலிருந்து பழைய விலைக்கு வரும் டிரம்களை வாங்கக் கூடாது. அமிலமோ வேறு ரசாயனமோ இருந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் நம்ப முடியாது.

காலை வெயில் நான்கைந்து மணி நேரம் விழுந்து, உச்சிவெயில் படாத இடம் பொருத்தமானது. 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 35 டிகிரியில் அது 7 மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடும். சித்திரை, வைகாசி மாதங்களில் பச்சை நிழல்வலையும், தொட்டியைச் சுற்றி நனைத்த சாக்கும் சூட்டைக் குறைக்கும். மாடியில் வைப்பதானால் 300 லிட்டர் தண்ணீரே 300 கிலோ எடை என்பதை நினைவில் கொண்டு, சுவரோ பீமோ தாங்கும் இடமாகப் பார்க்க வேண்டும். பனியன் கம்பெனிகள் அருகில் இருந்தால் பஞ்சுத் தூசி பறந்து வந்து நீர்மேல் படியும். நெருக்கமான கண்ணுள்ள வலையைப் போட்டுவைத்தால் பஞ்சும் தடுக்கப்படும், பூனையும் மீன்கொத்தியும் நெருங்கா.

செடிகளும் நுண்ணுயிர்களும்

அல்லிக் கிழங்கை வாய் அகன்ற சிறு தொட்டியில் களிமண் கலந்த செம்மண்ணில் நட்டு, மேலே கூழாங்கல் பரப்பி நீருக்குள் இறக்க வேண்டும். சாயக்கழிவு பாய்ந்த வாய்க்கால் மண் ஆகாது. நீருக்குள் வளரும் வேலம்பாசியும் நன்றாக உதவும். செடிகள் நீர்ப்பரப்பில் பாதியை மூடினால் சூடும் பாசியும் மட்டுப்படும். முழுவதும் மூடிவிட்டால் கொசுப்புழுக்களுக்கு அது மறைவிடமாகிவிடும்.

மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. ஒருவகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது செடிக்கு உரம். கல்லிலும் தொட்டிச் சுவரிலும் இந்த நுண்ணுயிர்கள் பெருக நான்கைந்து வாரங்கள் ஆகும். செடி நட்ட இரண்டு வாரம் கழித்து முதலில் நான்கைந்து மீன்களை மட்டும் விட்டு, ஒரு மாதம் சென்றபின் மேலும் சில மீன்களைச் சேர்ப்பதே பாதுகாப்பானது. தொட்டியைத் தேய்த்துக் கழுவுவது இந்த நுண்ணுயிர்களை அழித்துவிடும்.

எந்த மீன்?

கடினமான நீருக்கு கப்பியும் மோலியும் ஏற்றவை. மோலி உப்புச் சுவையுள்ள நீரிலும் செழிக்கும். இரண்டும் குட்டி ஈனும் இனங்கள், கொசுப்புழுவை விரும்பித் தின்பவை. நம் நாட்டு மீன் வேண்டுமென்றால், தலையில் வெள்ளிப் பொட்டு மின்ன நீர்ப்பரப்பை ஒட்டியே நீந்தும் அப்லோகைலஸ் இனம் உண்டு. அது துள்ளக்கூடியது என்பதால் வலை கட்டாயம். கோய் மீன் இரண்டடிக்கு மேல் வளரும். தங்கமீனும் கழிவு மிகுந்தது. இத்தொட்டி இரண்டுக்கும் போதாது.

நாளுக்கு ஒருமுறை, இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு தீனி போதும். கோயில் குளத்தில் பொரி போடும் பழக்கம் தொட்டிக்கு ஒத்துவராது. மிஞ்சிய பொரி அழுகி நீரைக் கெடுக்கும். வாரம் ஒருமுறை அடிநீரில் ஐந்தில் ஒரு பங்கைக் குழாயால் உறிஞ்சி எடுத்து, அதே அளவு புது நீர் விட வேண்டும். எடுத்த நீர் செடிகளுக்கு நல்ல உரம். ஆடிக் காற்றில் நீர் வேகமாக ஆவியாகும். ஐப்பசி அடைமழையில் தொட்டி வழிந்து மீன் வெளியேறாதபடி, விளிம்புக்கு ஓரிரு அங்குலம் கீழே துளையிட்டு வலை கட்டிவிடலாம்.

விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் ஆக்சிஜன் குறைவு என்று பொருள். செடிகளும் இரவில் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் விடியும் நேரத்தில்தான் அது மிகக் குறைந்திருக்கும். உடனே கொஞ்சம் நீர் மாற்றி, செடியைச் சற்றுக் கழிக்க வேண்டும். நீர் பச்சையானால் தீனி அதிகம் அல்லது வெயில் அதிகம்.

மிகுதியான மீன்கள்

கப்பி நான்கு வாரங்களுக்கு ஒருமுறை குட்டி போடும். தொட்டி நிரம்பியதும் பலருக்குத் தோன்றுவது, மிச்சத்தை அருகிலுள்ள குளத்தில் விட்டுவிடலாம் என்பதுதான். அதை ஒருபோதும் செய்யக் கூடாது. கொசு ஒழிப்புக்காக 1928-இல் இந்தியாவுக்கு வந்த கம்பூசியா மீன், உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. நாட்டு மீன்களின் முட்டையையும் குஞ்சையும் அது தின்றுவிடும். டேங்க் கிளீனர் மீனும் வெங்காயத்தாமரையும் அப்படியே நீர்நிலைகளைப் பாழாக்குபவை. பல்லாயிரம் பறவைகள் வந்து தங்கும் திருப்பூர் நஞ்சராயன் குளம் 2024-இல் ராம்சர் தளமாக அறிவிக்கப்பட்டது. அதுபோன்ற இடங்களை வீட்டுத் தொட்டியின் மிச்சத்திலிருந்து காப்பது வளர்ப்பவரின் கடமை. கூடுதல் மீன்களை அக்கம்பக்கத்துத் தொட்டிகளுக்கோ வண்ணமீன் கடைக்கோ கொடுத்துவிடலாம். தொட்டி நீரையும் ஓடையில் கொட்டாமல் செடிக்கே ஊற்ற வேண்டும்.