பிஎஃப் பணத்தில் வரி பிடிச்சிட்டாங்களா? ஐடிஆரில் சரியாகக் காட்டினால் திரும்பப் பெறலாம்!

நெல்லையை அடுத்த கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு பெண் நான்கு ஆண்டுகள் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2024 மே மாதம் வேலையை விடுகிறார். பிஎஃப் கணக்கில் இருக்கும் தொகை ரூ.1,31,000. ஆனால் வங்கிக் கணக்குக்கு வந்தது ரூ.1,17,900 மட்டுமே. மீதி ரூ.13,100 எங்கே போச்சு?

அதுதான் டிடிஎஸ். பலரும் இதை "அரசாங்கம் எடுத்துக்கிட்ட காசு" என்று நினைத்து அப்படியே விட்டுவிடுகிறார்கள். உண்மையில் இது இறுதி வரி அல்ல, முன்கூட்டியே பிடித்து வைத்த தொகை. உங்கள் மொத்த வருமானத்துக்கு வரியே இல்லையென்றால் முழுத் தொகையும் உங்களுக்குத் திரும்ப வர வேண்டும். ஆனால் அது தானாக வராது. வருமான வரி கணக்கு தாக்கல் செய்தால் மட்டுமே வரும்.

யாருக்கெல்லாம் பிடிப்பார்கள்?

வருமான வரிச் சட்டத்தின் 192ஏ பிரிவு 2015 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி, ஐந்து ஆண்டு தொடர் பணி முடிவதற்குள் ரூ.50,000 அல்லது அதற்கு மேல் பிஎஃப் பணத்தை எடுத்தால் 10% டிடிஎஸ் பிடிக்கப்படும். பான் எண் கொடுக்காவிட்டால் 20%. மேலே சொன்ன பெண்ணுக்கு அது ரூ.26,200 ஆகிவிடும்!

உடல்நலக் குறைவாலோ, நிறுவனம் மூடப்பட்டதாலோ வேலை போனால் ஐந்து ஆண்டு நிபந்தனை பொருந்தாது. ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குக் கணக்கை மாற்றினாலும் வரி இல்லை.

பீடித் தொழிலாளர்கள் கவனத்துக்கு

முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம், கடையம் என்று தாமிரபரணிக் கரையிலும் அதைச் சுற்றியும் பீடி சுற்றும் பெண்கள் ஏராளம். பீடித் தொழிலுக்கு பிஎஃப் சட்டம் விரிவுபடுத்தப்பட்டது 1977-ல். வீட்டிலிருந்து பீடி சுற்றுபவர்களுக்கும் அது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1985-ல் தீர்ப்பளித்தது. எனவே இது போராடிப் பெற்ற பணம்.

இருபது வருஷம் பீடி சுற்றியவருக்கு பிஎஃப் தொகையில் வரி கிடையாது. சிக்கல் எங்கே வருகிறது என்றால், இடையில் கம்பெனி மாறி, பழைய கணக்கைப் புதிய கணக்கோடு இணைக்காமல் விட்டால், புதிய கணக்கில் ஐந்து ஆண்டுக்கும் குறைவாகவே பணிக்காலம் தெரியும். பழைய இருப்பைப் புதிய கணக்குக்கு மாற்றியிருந்தால்தான் முந்தைய பணிக்காலமும் சேரும். ஆகவே பணம் எடுக்கும் முன் யுஏஎன் எண்ணில் எல்லாக் கணக்கும் சேர்ந்திருக்கிறதா, பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

ஐடிஆரில் எப்படிக் காட்டுவது?

முதலில் வருமான வரி இணையதளத்தில் படிவம் 26ஏஎஸ், ஏஐஎஸ் இரண்டையும் பதிவிறக்குங்கள். 192ஏ என்ற பிரிவில் எவ்வளவு தொகை, எவ்வளவு டிடிஎஸ் என்று இருக்கும்.

அடுத்து வருமானத்தைப் பிரிக்க வேண்டும். மேலே சொன்ன பெண்ணின் ரூ.1,31,000 தோராயமாக இப்படிப் பிரியும்:

* நிறுவனத்தின் பங்கு ரூ.26,400, அதற்கான வட்டி ரூ.4,300: 'சம்பளம்' தலைப்பில்.
* அவருடைய சொந்தப் பங்குக்கு வந்த வட்டி ரூ.13,900: 'இதர வருமானம்' தலைப்பில்.
* அவருடைய சொந்தப் பங்கு ரூ.86,400: அவர் சேமித்த பணம்தான், வருமானம் அல்ல. ஆனால் முந்தைய ஆண்டுகளில் 80சி கழிவு எடுத்திருந்தால் கணக்கு மாறும். அப்படியானவர்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

மூன்றாவது, டிடிஎஸ் பகுதி. 192ஏ சம்பள டிடிஎஸ் அல்ல. எனவே 'சம்பளம் அல்லாத டிடிஎஸ்' அட்டவணையில் ரூ.13,100 வந்திருக்கிறதா என்று சரிபாருங்கள்.

பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். டிடிஎஸ்ஸை மட்டும் கேட்டுவிட்டு, அதற்குரிய வருமானத்தைக் காட்டாமல் விடுகிறார்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் ரீஃபண்ட் நிற்கும், நோட்டீஸும் வரலாம்.

ஐந்து ஆண்டு முடித்தும் தவறுதலாக டிடிஎஸ் பிடிக்கப்பட்டிருந்தால், தொகையை 10(12) பிரிவின் கீழ் வரிவிலக்கு வருமானமாகக் காட்டி டிடிஎஸ்ஸைக் கேட்கலாம். பிஎஃப் பாஸ்புக், கணக்கு மாற்றிய ஆதாரம் கைவசம் இருக்கட்டும்.

பென்ஷன் வாங்குபவர்கள்?

ஓய்வூதியம் 'சம்பளம்' தலைப்பில் வரும். புதிய வரி முறையில் ரூ.75,000 நிலையான கழிவு உண்டு. குடும்ப ஓய்வூதியம் அப்படியல்ல, அது 'இதர வருமானம்'. அதில் மூன்றில் ஒரு பங்கு அல்லது ரூ.25,000, எது குறைவோ அதுதான் கழிவு. கணவரின் பென்ஷன்தானே என்று சம்பளத்தில் போட்டு ரூ.75,000 கழித்துவிடாதீர்கள்.

கடைசி நாள் எப்போது?

2024-25 நிதியாண்டுக்கான கணக்கு தாக்கலுக்கு 2025 செப்டம்பர் 16 வரை அவகாசம் நீட்டிக்கப்பட்டிருந்தது. தவறவிட்டவர்களுக்கு 2025 டிசம்பர் 31 வரை தாமதக் கணக்கு தாக்கல் செய்ய வாய்ப்பு இருந்தது. அதற்கும் முந்தைய ஆண்டுகளின் ரீஃபண்டை விட்டவர்களுக்கும் வழி உண்டு. மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குள், தாமதத்தை மன்னிக்கக் கோரி விண்ணப்பிக்கலாம். காரணம் நியாயமாக இருக்க வேண்டும்.

தாக்கல் செய்ததோடு வேலை முடியவில்லை. 30 நாள்களுக்குள் ஆதார் ஓடிபி மூலம் சரிபார்க்க வேண்டும். பான்-ஆதார் இணைப்பும், ரீஃபண்ட் வர வேண்டிய வங்கிக் கணக்கின் சரிபார்ப்பும் முக்கியம். இணைக்காமல் பான் செயலிழந்துவிட்டால் ரீஃபண்ட் வராது.

"நமக்குத்தான் வரியே இல்லையே, எதுக்கு ஐடிஆர்?" என்று கேட்பவர்களுக்குத்தான் இது அதிகம் தேவை. அந்தப் பெண்ணின் மொத்த வருமானம் 2024-25 நிதியாண்டில் புதிய வரி முறையின் வரி வரம்பாக இருந்த ரூ.3 லட்சத்தைத் தொடவே இல்லை. ஆனாலும் கணக்கு தாக்கல் செய்யாவிட்டால், அந்த ரூ.13,100 அவர் கைக்கு வரவே வராது.